சின்னவளின் ரிப்போர்ட்

பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே ரிப்போர்ட் அடிக்கிறவர். அடிக்கிற ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். வாயை மூடச் சொன்னால் விரல் ஓடாது. "நோய் கிருமியால பரவல, உங்க வாயாலதான் பரவுது" என்று ரத்தம் எடுக்கிற பெண் கிண்டலடிப்பாள். அவரும் சிரித்துவைப்பார்.

அன்று காலை தட்டில் அவருடைய சின்ன மகளின் தாள் கிடந்தது. சொந்த வீட்டு ரிப்போர்ட்டை அவரவர் அடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! யாரும் பார்ப்பதற்குள் உருவிக்கொண்டார்.

பெரிய மகளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். வேலியே பயிரை மேய்கிற கதை. பலருக்கு அது தோலோடும் மூட்டோடும் நின்றுவிடும். இவளுக்கோ மூன்றே வருடத்தில் இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்துவிட்டது. மாறிப்போன ஒரு மரபணுவும் அதற்குக் காரணம் என்றார் டாக்டர்.

"உங்ககிட்ட ஒண்ணு, உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. தனியா இருந்தவரைக்கும் ஒண்ணும் பண்ணல. ரெண்டும் சேர்ந்து இந்தப் பொண்ணுக்கு வந்ததுதான் வினை."

என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாமல் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள், பாவம்.

சிறுநீரகம் தர இவரால் முடியாது, ரத்த அழுத்தம். மனைவிக்குச் சர்க்கரை. சின்னவள்தான் "நான் தர்றேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரத்த வகை ஒத்துப்போனது. திசுப் பொருத்தமும் மரபணுவும் பாக்கி. அவளுக்கும் அந்த ஜோடி இருந்தால் கத்தி வைக்க மாட்டேன், ஒன்றை எடுத்தால் மிஞ்சுகிறது தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாலில் ஒரு பங்கு வாய்ப்பாம். "நாலுல மூணு நம்ம பக்கம்" என்று வீட்டில் எல்லோருக்கும் இவர்தான் தைரியம் சொல்லிவந்தார்.

தாளை நிமிர்த்திவைத்து அடிக்கத் தொடங்கினார். வாயும் கூடவே ஓடியது. "திசுப் பொருத்தம்... நன்று." அப்பாடா! "மாறிய மரபணுப் பிரதிகள்... இரண்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"இரண்டுன்னா எனக்குமாப்பா?"

வாசலில் சின்னவள். முடிவு கேட்க வந்தவள். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஒண்ணுன்னு மாத்திடுங்கப்பா."

"என்னம்மா பேசற நீ?"

"எனக்கு வருமோ வராதோ, யாருக்குத் தெரியும்? அக்கா இப்பவே போயிட்டிருக்காப்பா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஒன்று என்று போட்டால் பெரியவளுக்கு வழி உண்டு. இரண்டு என்று போட்டால் சின்னவளுக்கு. இரண்டு கண்ணில் எதைக் குத்திக்கொள்வது என்று ஒரு தகப்பனைக் கேட்பதா? இது என்ன நியாயம்! கண்ணீர் முட்டித் திரை மங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு என்றே இருந்தது. அதை மாற்றாமல் அச்செடுத்து டாக்டருக்கான தட்டில் வைத்தார். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கைப்பேசி அடித்தது. டயாலிசிஸ் படுக்கையிலிருந்து பெரியவள்.

"என்னப்பா, ரிப்போர்ட் வந்துடுச்சா?"

தங்கைக்கும் அதே மரபணு என்றால் அவள் உடைந்தேபோவாள். "திசு பொருந்தலைம்மா" என்றார்.

அவள் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது.

"விடுங்கப்பா, நல்லதாப் போச்சு. என்னால அவளுக்கு எதாவது ஆயிடுமோன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருந்தேன். அவளுக்காவது கிட்னி ரெண்டும் நல்லா இருக்கே. அது போதும்ப்பா எனக்கு. இருக்குல்லப்பா?"

"ஆமாம்மா" என்றார் அவர்.