ஹேஸலின் தாலாட்டு

நடிகர்களுக்கு அழுகை வரவழைப்பதுதான் எமிலுக்கு வேலை. ஊமைப்படத்துக்குப் பிடில் எதற்கு என்று கேட்பவர்கள் ஹாலிவுட் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். காமிரா ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சோகமாக இழுப்பான். நடிகைக்குக் கண் கலங்கும்.

அன்று எடுத்தது, குழந்தையைப் பறிகொடுத்தவள் காலித் தொட்டில் முன் மண்டியிடும் காட்சி. படத்துக்கு மூலமான நாவலைப் படித்த பெண்களெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் அழுதிருந்தார்கள். கதாநாயகி லெனோருக்கோ காலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

"யோவ் எமில், வேற ஏதாவது வாசிய்யா," என்றார் டைரக்டர் வெப்லிங். "இப்பவும் அழுகை வரலேன்னா நாளைக்கு வேற பிடில்காரன் வருவான்."

வேறொன்று அவனுக்குத் தெரியும். விஷக்காய்ச்சலில் இறந்துபோன மகள் ஹேஸலுக்காக லெனோரே கட்டிய தாலாட்டு. போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் மட்டும் முணுமுணுத்துக் காட்டியிருந்தாள். "யாருக்கும் பாடிக் காட்டினதில்ல எமில். மனசுக்குள்ள பாடினா அவ முகம் அப்படியே வந்து நிக்கும்."

வேலை போய்விடும் என்ற பயம்; வேறு சாக்கு அவனிடம் இல்லை. அதையே வாசித்தான், பாவி.

லெனோர் திடுக்கிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தொட்டில் மேல் சரிந்து கதறினாள். காமிராக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்," என்றார் வெப்லிங். "வெளிநாட்டுக்கு அனுப்புற பிரதிக்கு இன்னொரு தடவ எடுத்துடுவோம். அதே பாட்டு."

இன்னொரு தடவை என்றது நான்கு தடவையானது. நான்காவது முறை அவள் கண்ணில் கிளிசரின் விட வேண்டியிருந்தது.

விளக்குகளை அணைத்ததும் லெனோர் நேராக அவனிடம் வந்தாள். எமில் எழுந்து நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன். என்ன வேணும்னாலும் திட்டுங்க."

"திட்டுறது கிடக்கட்டும். அத ஒரு தடவ வாசிங்க."

வாசித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"முகம் வரல, எமில். இந்த மரத்தொட்டில்தான் வருது. வெப்லிங் கத்துறது கேக்குது."

அவள் திட்டியிருந்தால் எமில் தாங்கியிருப்பான்.

"கொஞ்சம் மெதுவா வாசிச்சுப் பாருங்களேன்," என்றாள்.

மெதுவாக வாசித்தான்.

"இன்னொரு தடவ," என்றாள்.