எங்கள் வீட்டு மெயில் சர்வர்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் மனைவி விக்டோரியா புதன்கிழமை மஸ்கட்டுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்து என் மெயில் பெட்டியில் கிடந்தது. நர்ஸ் வேலைக்கு வரச் சம்மதம் என்று ஒரே வரி. அந்த ஆஸ்பத்திரி கொடுத்த கெடு இன்று சனிக்கிழமை, நம்மூர் நேரம் மாலை ஐந்து மணி.

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறவனுக்கு மெயில் போய் வரச் சொந்தமாக ஒரு சர்வர் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. ஆசைதான். ஆலையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்து, பீரோவுக்குப் பக்கத்தில் வைத்து, எங்கள் பெயரிலேயே முகவரி பதிந்து ஆறு மாதமாக ஓட்டுகிறேன். இந்த 2008-ல் நாளுக்கு நாலு தடவை கரண்ட் போகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் பிராட்பேண்ட் வேறு ஐ.பி. எண்ணைக் கொடுக்கிறது. இப்படி மாறுகிற எண்ணிலிருந்து போகும் மெயிலைப் பெரிய இடத்துச் சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். மாதம் ஒரு வீடு மாற்றுகிறவனுக்கு ரேஷன் கார்டு கிடைக்காது, அந்தக் கதைதான். இதெல்லாம் தெரிந்தும், பயோடேட்டாவில் நம் முகவரியைத்தான் போடவேண்டும் என்று அடம்பிடித்தேன். பெருமை, வேறென்ன? திரும்பி வருகிற மெயிலெல்லாம் அவளிடம் போகாமல் என்னிடம் வரும்படியும் செய்து வைத்திருந்தேன். மூன்று நாளாக டபுள் டூட்டி. பார்க்கவில்லை.

மோடத்தை அணைத்துப் போட்டேன். புது எண் வந்தது. அனுப்பினேன், திரும்பியது. மூன்று முறை இதே கூத்து. நாலே கால் ஆனதும், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“என் லெட்டர் உன்கிட்ட ஏன் வந்துச்சு?”

“நீ பேஜாராவக் கூடாதுன்னு அப்டி வெச்சிருந்தேன்.”

“அப்போ எனக்கு வர்றதையும் நீ பாக்கலாமா?”

“பாக்கலாம். ஆனா பாத்ததில்ல.”

அது சத்தியமான உண்மை. இருந்தும் திருடன் மாதிரி இருந்தது எனக்கு. அவள் கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

“வண்டிய எடு.”

ஸ்டேஷன் ரோட்டில் முஸ்தபா பாயின் பிரவுசிங் சென்டர். “இன்னா சாலமோனு, ஊட்லயே போஸ்டாபீஸ் வெச்சிக்கினு இங்க வந்துகிற?” என்று பாய் சிரித்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது.

விக்டோரியா இலவச மெயில் முகவரி ஒன்றைத் திறக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்று எந்தக் கட்டத்தில் எதை அடிப்பது என்று சொன்னேன். சொன்னபடி அடித்தாள். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்தாண்ட திரும்பிக்கோ.”

திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் சத்தம். எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஒன்பது வரை எண்ணிவிட்டேன். அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். நான் ரோட்டுக்குப் போய் நின்றேன்.