வண்டு வைத்த பரீட்சை

அரிசிக் கடை சந்திரிகா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"இது மரபணு மாத்தாத அரிசிதானே?" என்று எந்த மாமி கேட்டாலும், "நம்ம நாட்டுல விக்கிற அரிசி எதுவுமே மாத்துனது இல்ல மாமி, ரேஷன் அரிசியும் அப்டித்தான்" என்பாள். மயிலாப்பூரில் ரேஷன் அரிசியோடு சேர்த்துப் பேசிய சாமானை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? மாமிகள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தி. நகருக்குக் கிளம்பினார்கள்.

அங்கே கிரீஷ் கடை போட்டிருந்தான். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு மண்ணைக் காப்பாற்றப் புறப்பட்ட பிள்ளை. மண்தான் இன்னும் சட்டையில் ஒட்டியபாடில்லை. ஏசி கடை, பழுப்புக் காகிதப் பை, அதன்மேல் பச்சை ஸ்டிக்கர்: 'மரபணு மாற்றம் இல்லாதது'. தண்ணீர் பாட்டிலில் 'எலும்பு இல்லாதது' என்று எழுதி விற்கிற மாதிரிதான். ஆனால் சக்கைப்போடு போட்டது.

கொடுமை என்னவென்றால், இரண்டும் ஒரே அரிசி. செய்யாறில் கரீமுல்லா பாயின் மில்லிலிருந்துதான் இரண்டு கடைக்கும் கிச்சிலிச் சம்பா வந்தது. சந்திரிகாவின் மூட்டைகளில் மட்டும் வண்டு அண்டாமலிருக்க பாய் வசம்புத் துண்டுகளைப் போட்டு அனுப்புவார். "அந்தத் தம்பி வசம்பு வேணாம்னுட்டாரும்மா. பையத் தொறந்தா நாட்டு மருந்துக் கடை வாசன வருதாம்" என்றார் போனில்.

மாமிகள் போனால் போகட்டும். திருவான்மியூரில் நூற்றிருபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்கு நாலு வருஷமாக மாதாமாதம் அரிசி போட்டுவந்தாள். கடை ஓடியதே அதில்தான். அதுவும் கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு, வடபழனியில் அண்ணன் நடத்தும் கல்யாண மண்டபத்தில் போய்ச் சாம்பார் வாளி எண்ண வேண்டும். அண்ணன் அந்த வேலையை அவளுக்காகவே காலியாக வைத்திருந்தான்.

ஒருநாள் காலையில் அந்தக் குடியிருப்பின் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே கறுப்பாக ஏதோ ஊர்ந்தது.

"இன்னா மாமா இது?"

"வண்டு. எங்காத்துக் கோதுமை டின்னுலேர்ந்து பிடிச்சேன். மரபணு மாத்தின அரிசியை வண்டு தொடவே தொடாதாம், எங்க வாட்ஸ்அப் குரூப்புல வந்துது. கிரீஷ் அரிசியில இருபது, உன் அரிசியில இருபது விடப்போறேன். எதுல சௌக்கியமா இருக்கோ அங்கதான் ஆர்டர்."

"பேங்க் மேனேஜரா இருந்தவரு நீங்க. வண்டு கையெழுத்து போட்டாத்தான் லோன் குடுத்தீங்களா?"

"வண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"மாமா, என் அரிசில வசம்பு கீது. வண்டு செத்துப்பூடும்."

"செத்துடுமா? அப்போ விஷம்னு நீயே ஒத்துக்கறே!"

"கொழந்த கையில கட்டுவாங்களே மாமா, அது!"

"அதெல்லாம் பாட்டில் சொல்லட்டும்."

வசம்பு போடாத அரிசியாக எங்கிருந்தாவது ஒரு படி வாங்கிக் கொடுத்திருக்கலாம். இருந்த கோபத்தில் அது தோன்றவில்லை. மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பையில் கொட்டினாள்.

பத்தாம் நாள் குரூப்பில் படம் வந்தது. கிரீஷின் பாட்டிலில் வண்டுகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. சந்திரிகாவின் பாட்டிலில் இருபதும் மல்லாந்து கிடந்தன. கீழே வரிசையாகக் கைதட்டல்கள். ஆர்டர் தி. நகருக்குப் போயிற்று. சந்திரிகா மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். கிரீஷிடம் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, போயும் போயும் வண்டிடம் தோற்றதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இரண்டு மாதம் போனது. அண்ணன் தினமும் போன் செய்தான். மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்க நாள் குறித்திருந்த வாரத்தில் ஸ்ரீனிவாசராகவன் வந்து நின்றார். பாட்டில் இல்லை. சட்டைக் காலரில் மட்டும் ஒரு வண்டு.

"நூத்திருபது ஆத்துலயும் வண்டும்மா. பருப்புல, ரவையில, சுவாமி அலமாரில. நேத்து ஒண்ணு என் காதுல பூந்துடுத்து."

"கிரீஷ் இன்னா சொல்றாரு?"

"வண்டு இருந்தாத்தான் ஒரிஜினல்ங்கறான். நான் எடுத்த போட்டோவை எனக்கே அனுப்பறான்!" அவர் குரலைத் தணித்தார். "அந்த வண்டு செத்த அரிசி இருக்கோ?"

"கீது. ஆனா மரபணு..."

"அதை விட்டுத்தள்ளு! செத்துதா இல்லையா?"

"செத்துது."

"அப்போ நூத்திருபது ஆத்துக்கும் அனுப்பிடு. என்ன, ஸ்டிக்கர் இல்லையேன்னு கேப்பா. பேருக்கு ஒண்ணு ஒட்டிடேன்."

நாலு வருஷமாக ஒட்டாத ஸ்டிக்கர். சந்திரிகா ஒரு அட்டையை எடுத்துப் பட்டையாக எழுதினாள்: 'இந்த அரிசியில் இருபது வண்டுகள் செத்தன. கண்ணால் கண்ட சாட்சி: ஸ்ரீனிவாசராகவன், செயலாளர்.'

"இத்த நகலெடுத்து ஒவ்வொரு மூட்டையிலயும் ஒட்டறேன். கையெழுத்து போடுங்க மாமா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். காலரிலிருந்த வண்டு சட்டைக்கை வழியாக இறங்கி அட்டைமேல் வந்து நின்றது. அதைத் தட்டிவிட்டு, அது நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

சந்திரிகா அவர் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டு, வாளி எண்ண வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.