தோட்டத்துக் கதவு

புருஷன் போய் இரண்டு வருஷமாகியும் சௌந்தரத்துக்கு ஒண்டியாக இருக்கப் பழகவில்லை. முகையூருக்குப் பக்கத்தில் சொந்த நிலம், சொந்த வீடு, எதற்கும் குறைவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, முக்கால்வாசியை மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்த மகன் கோபி, அவள் எலும்பும் தோலுமாகக் கிடப்பதைப் பார்த்துப் பயந்து, விழுப்புரத்தில் மனநல ஆலோசகர் பானுப்ரியாவிடம் கூட்டிப்போனான்.

ஹிப்னாடிசம் என்றதும் சௌந்தரம் ஏதோ மந்திரம் என்று மிரண்டாள். மயக்கமெல்லாம் இல்லை, பேசுவது அத்தனையும் காதில் விழும், பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடலாம் என்று பானுப்ரியா விளக்கினாள். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, பிடித்தவர்கள் நிறைந்த வீட்டை நினைக்கச் சொல்வாள். மூன்று வாரம் சுகமாகத்தான் இருந்தது. சௌந்தரம் கொஞ்சம் தூங்கவும் ஆரம்பித்தாள்.

நாலாவது வாரம், கண்ணை மூடி நினைப்பில் அந்த வீட்டுக்குள் போனவள் அழுதாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று பானுப்ரியா மெல்லக் கேட்டாள்.

“தோட்டத்துக் கதவாண்ட துர்கா நிக்கிறா. நான் தொறக்கல.”

ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைக் கண் விழித்த பிறகு சொன்னாள். மகள் துர்கா புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த அன்று, கோபிக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாழாவெட்டி மகள் வீட்டிலிருப்பது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று, ஜன்னல் வழியாகவே பேசித் திருப்பி அனுப்பிவிட்டாள். பிற்பாடு துர்கா புருஷனை விட்டுப் போய்த் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

“அத்த மட்டும் மறக்க வெச்சிடும்மா,” என்றாள் சௌந்தரம்.

“அது என்னால முடியாதுங்க. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன்.”

உடனே எங்கேயும் ஓட வேண்டாம், அடுத்த வாரம் நிதானமாகப் பேசலாம் என்றும் பானுப்ரியா சொன்னாள். சௌந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே திண்டிவனம் போய், கடையில் விசாரித்து, துர்கா குடியிருந்த ஒற்றை அறையைக் கண்டுபிடித்தாள்.

துர்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா பேசும்போதெல்லாம் வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அன்றைக்குத் திரும்பிப் போனதும் புருஷன் கன்னத்தில் விட்ட அறையில் இடது காது கேட்காமல் போய்விட்டது என்று, யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள். சௌந்தரம் காலில் விழப் போனாள். துர்கா தோளைப் பிடித்து நிறுத்தினாள். வீட்டுக்கு வந்துவிடு, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம் என்று சௌந்தரம் கெஞ்சினாள்.

“உனக்கு ஒண்டியா இருக்க முடியலன்னு வந்திருக்க. அப்பா இருந்திருந்தா வந்திருப்பியாம்மா?”

வந்திருக்க மாட்டாள். அது இருவருக்குமே தெரிந்தது.

துர்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார வைத்தாள். போன் நம்பர் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். பஸ் கிளம்புவதற்குள் கடைக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் சௌந்தரம் விழுப்புரத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொள்கிறீர்களா என்று பானுப்ரியா கேட்டாள்.

“வாணாம்மா. முழிச்சிக்கினே இருக்கேன்.”

மீதி நேரமும் அதே நாற்காலியில் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.