பக்கத்து அறைச் சத்தம்

பதிப்பகத்துப் பெண் கேட்டபோதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அம்மா, சார் காலையில எப்போ உக்கார்றார், எப்போ எழுந்திருக்கிறார், நடுவுல என்ன பண்றார், எல்லாத்தையும் எனக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்பிடுங்க. சும்மா பேசினா போதும்."

"அதைத் தெரிஞ்சு வச்சு நீ என்னம்மா பண்ணப்போற?"

"அவரோட பழக்கத்துல எங்கயோ ஒண்ணு மாறியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சிட்டோம்னா நாவல் நகர்ந்துடும்."

நாவல் என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டிருந்த நாவலை. முக்கால்வாசி எழுதி நின்றுபோயிருந்தது. கதாநாயகி ஒருத்தி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ரயில் வந்து நிற்கிறது. அதில் அவள் ஏறவும் இல்லை, எழுந்து வீட்டுக்குப் போகவும் இல்லை. பாவம், அவளும்தான் எத்தனை மாதம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்?

நான் தையல்காரி. ஆளை நிற்கவைத்து அளவெடுப்பது எனக்குக் கைவந்த வேலை. தோளை எடுப்பதுபோல அவருடைய நாளையும் எடுத்தால் போயிற்று என்று ஆரம்பித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சாப்பிட்டதும் முகம் மழிப்பார். ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொள்வார். போகிற தூரம் என்னவோ கூடத்திலிருந்து தன் அறை வரைக்கும்தான். பேனாவில் மை இருந்தாலும் நிரப்புவார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். அப்புறம், முதல் நாள் எழுதிய கடைசி வரியை அடித்துவிட்டு அதையே மறுபடி எழுதுவார். அந்த வரியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவார்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஆனால் இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. 'ரயில் வந்து நின்றது.' அடிப்பார். கீழே 'ரயில் வந்து நின்றது.' மறுநாள் அதை அடிப்பார். பக்கம் முழுக்க ரயில் வந்து வந்து நின்றது. அதற்குமேல் ஒரு எழுத்து நகரவில்லை.

இதையெல்லாம் ஒன்று விடாமல் போனில் ஒப்பித்தேன். பதிப்பகத்துப் பெண் பெருமூச்சு விட்டாள். "எதுவுமே மாறலையேம்மா?"

"மாறலை. அவரா மாறுவார்? பல் தேய்க்கிறதுகூட இடது பக்கத்துலதான் ஆரம்பிப்பார்."

அவரைத்தான் அளந்தேனே தவிர, என்னை அளக்க எனக்குத் தோன்றவில்லை.

என் தையல் அறை அவர் அறைக்கு அடுத்தது. அவர் பார்த்து உட்காருகிற சுவரின் இந்தப் பக்கம்தான் என் மிஷின். காலால் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோய், டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இனிமே பெடல் மிதிச்சீங்கன்னா நடக்கறதை மறந்துட வேண்டியதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மறுவாரமே மகள் மிஷினுக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தாள். பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தோல் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். மோட்டார் 'விர்ர்' என்று ஒரே மூச்சில் தைத்துத் தள்ளியது. என் முட்டிக்கு மோட்சம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையிலேயே தெருவில் ஏதோ வெடித்து மின்சாரம் போய்விட்டது. பள்ளிச் சீருடைகள் அன்றைக்குக் கொடுத்தாக வேண்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு நாள்தானே என்று தோல் பெல்ட்டை எடுத்துச் சக்கரத்தில் மாட்டி மிதித்தேன்.

ஒரு சட்டைக் கை ஓரம் முடிந்தது. நிறுத்தித் துணியைத் திருப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். மறுபடி மிதித்தேன். நூல் தீர்ந்த பாபினை மாற்ற எழுந்து வேறு தேடிக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து உலாத்துவது கேட்டது. நான் உட்கார்ந்து மிதித்தேன். அங்கே நாற்காலி கிரீச்சென்றது. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் சாப்பிட வந்தவர் முகத்தில் பல்பு எரிந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அவ ஏறிட்டா" என்றார்.

"யாரு?"

"ரயில்ல. ஏறி ஜன்னலோரமா உக்காந்துட்டா."

போனில் விஷயத்தைச் சொன்னதும் பதிப்பகத்துப் பெண் குதித்தாள். "இன்னிக்கு என்னம்மா மாறிச்சு? யோசிச்சுச் சொல்லுங்க!"

"கரண்ட் இல்ல" என்றேன். பொய் இல்லையே.

அவள் புத்திசாலி. ஃபேன் சத்தம்தான் சாரைத் தொந்தரவு செய்கிறது என்று முடிவுகட்டி அவருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் மனுஷர் ஃபேனை அணைத்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்ததும் நானும் மோட்டாருக்குத் திரும்பியிருந்தேன். ஏறிய பெண் ஏறியபடியே இருந்தாள். ரயில் நகரவில்லை.

என் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொண்ட கைதானே, மிஷினை மிதித்து அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்தேன். மறுநாள் அவர் உட்கார்ந்ததும் சுவரோரம் வைத்து ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் போட்டார்: "யாரு அங்க டொக்கு டொக்குன்னு? நிறுத்தச் சொல்லு, தலை வலிக்குது!" மகள் வந்தபோது, எண்ணெய் விட்டிருக்கிறேன், கொஞ்சம் மிதித்துப் பார் என்று அவளை உட்காரவைத்தேன். அவள் மிதித்த மிதியில் அவர் தைலம் தேடி எழுந்து வந்துவிட்டார். நான் மிதித்தேன். நாற்காலி கிரீச்சென்றது.

ஆக, என் காலேதான் வேண்டும். மோட்டார் வந்த பிறகுதான் அந்த ரயிலும் வந்து நின்றது. நான் ஒரு ஓரம் தைத்து முடிக்கிற நேரம்தான் அவருடைய ஒரு வாக்கியம். நான் துணியைத் திருப்புகிற நேரம் அவருடைய யோசனை. அவருடைய வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருப்பதன் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அது சட்டைக் கை ஓரத்தின் நீளம் ஐயா!

பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பெருமை இறங்கியதும் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்திலாவது, மூலையில் பொடி எழுத்திலாவது, பக்கத்து அறையில் மிஷின் ஓடியது என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே மனுஷர். ஆனால் அவருக்கே தெரியாததை எப்படிப் போடுவார்?

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மிதிக்காதே என்பார். அப்படிச் சொல்லாமல் போய்விட்டால்? அந்த பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன். பதிப்பகத்துப் பெண்ணுக்கு மட்டும், எழுதுகிறார், நல்லா எழுதுகிறார் என்று அனுப்பிக்கொண்டிருந்தேன்.

காலையில் அவருக்காக மிதித்தேன். சாயந்திரம் மோட்டாரில் தைத்தேன். முட்டி வலியில் துணியை நேராகப் பிடிக்க முடியாமல் ஒரு பையனின் சட்டையைக் கோணலாக்கிய பிறகு, காலையில் துணியும் வைப்பதில்லை, நூலும் கோர்ப்பதில்லை. வெறும் ஊசி ஏறி ஏறி இறங்கும். திருப்பத் துணி இல்லாவிட்டாலும் ஓரம் முடிகிற இடத்தில் நிறுத்தித் திரும்ப ஆரம்பிப்பேன். என்னைப் பார்ப்பவர்கள் கழண்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

"முட்டி ஏம்மா இப்படி வீங்கிக் கிடக்கு? மோட்டார் வாங்கிக் குடுத்தும் என்ன பிரயோஜனம்?" என்று மகள் கரடியாய்க் கத்தினாள்.

"வயசாகுது இல்ல?" என்றேன்.

சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்பேன். "இன்னும் எவ்வளவு இருக்கு?"

"போயிட்டிருக்கா. இன்னிக்கு ஒரு ஸ்டேஷன்ல ஒரு கிழவர் ஏறினார். அவருக்கு ஒரு பெரிய கதை இருக்கு."

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது ஏறினார்கள். ஒருத்தரும் இறங்கக் காணோம்.

பிறகு ஒரு நாள் என் கால் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டது. சுவரைப் பிடித்துத்தான் ஸ்டூலுக்கே வந்தேன். பெடலில் பாதத்தை வைத்தால் வலி இடுப்புவரை ஏறியது. அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சென்றது. இருமினார். மறுபடி இருமினார். அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. என் அறை வாசலில் வந்து நின்றார். என் வேலை நேரத்தில் அவர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை.

ஊசியைப் பார்த்தார். நூல் இல்லை. துணி இல்லை. பெல்ட் மாட்டியிருந்தது. என் முட்டியில் ஈரத் துணி சுற்றியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க" என்றேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், வந்துவிட்டது. "அந்தப் பொண்ணை எங்கயாவது இறக்கி விட்டுடுங்களேன்."

"இறங்க மாட்டேங்கிறாளே" என்றார்.

அப்புறம் குனிந்து முட்டியைத் தொட்டார். "எத்தனை நாளா இது?"

"கரண்ட் போன அன்னிலேர்ந்து."

"வேண்டாம். நாவலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ நடந்தா போதும்" என்று தன் கையாலேயே பெல்ட்டைக் கழற்றி, எனக்கு எட்டாத மேல் ஆணியில் மாட்டினார். இந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அன்றைக்கெல்லாம் எனக்கு மனசு குளிர்ந்து கிடந்தது.

நாவல் வேண்டாம் என்றாரே தவிர, உட்காருவதை நிறுத்தவில்லை. பழக்கம் விடுமா? மை நிரப்பினார். கடைசி வரியை அடித்தார். அதையே எழுதினார். சில வாரங்களில் இஸ்திரி போட்ட சட்டை போய்க் கசங்கிய சட்டை வந்தது. முகம் மழிக்கவில்லை. தட்டில் பாதி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தால் மட்டும் வலுக்கட்டாயமாகச் சிரித்து, "வலி எப்படி இருக்கு?" என்பார். "தேவலாம்" என்பேன். உண்மையிலேயே தேவலாமாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் அவர் உட்கார்ந்திருக்கும்போது, மோட்டாரைப் போடக்கூட எனக்குக் கை வராது. அந்தப் பெல்ட்டை எடுத்துக் கொடுங்கள் என்று எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்து விழுங்கினேன்.

இன்றைக்குக் காலையில் குளியலறையில் அவர் முகம் மழிக்கும் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே தன் அறைக்குப் போனார்.

நான் என் அறைக்கு வந்தேன். மேல் ஆணியில் பெல்ட் இல்லை. மிஷினில், சக்கரத்தில் மாட்டியிருந்தது. நான் மாட்டவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமக்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

போன் ஒலித்தது. பதிப்பகத்துப் பெண்.

"அம்மா, ரொம்ப நாளா மெசேஜே இல்லையே? சார் இன்னிக்கு எழுதுவாரா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எழுதுவார்மா" என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கிப் பெடலில் வைத்தேன்.