லூதரின் அம்மா கண் திறந்தாள்

ஆடி வெள்ளிக்கிழமை காலையில், கடலைப் பார்த்து நின்ற இரும்புச் சிலைக்கு லூதர் கண் எழுதினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள் அவர் மனைவி கரோலின். ராயபுரத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், அன்று என்ன நாள் என்பது அவளுக்கும் உறைக்கவில்லை. மீன் கூடையோடு போன பெண்கள் அப்படியே நின்றார்கள். அவர்களில் கெங்கம்மா என்பவள் கூடையை இறக்கிவைத்துத் தலைக்கு மேல் கைகூப்பினாள். தன் வேலையைத்தான் ரசிக்கிறார்கள் என்று லூதர் தூரிகையை ஆட்டிப் பதில் வணக்கம் வைத்தார்.

லூதர் அமெரிக்கக் கறுப்பர். டெட்ராய்ட்டில் கார்த் தொழிற்சாலையில் வெல்டிங் செய்த தாய்க்கு ஒரே பிள்ளை. கடைப் பலகை எழுதி, படம் வரைந்து, அப்புறம் இரும்புக்கு வந்தவர். அவர் செய்த சிலைகள் தேவாலய முற்றத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்றன. பெரிய அருங்காட்சியகம் எதுவும் அவரைச் சீந்தவில்லை. ஒரு பயிற்சி முகாமுக்கென்று சென்னை வந்தவர் கரோலினைப் பார்த்தார், எண்ணூரில் குவிந்துகிடந்த கப்பல் இரும்பையும் பார்த்தார். எதற்காகத் தங்கினாய் என்று கேட்டால் இரும்புக்காக என்பார், அவள் கரண்டியைத் தூக்கும்வரை.

திருவொற்றியூர் மீனவர் குப்பத்தை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார். தலை முழுக்க நரைத்த பிறகுதான் சொந்த ஊர் அருங்காட்சியகம் அவரைக் கூப்பிட்டது. கூடத்தின் நடுவில் வைக்க ஒரு சிலையும், கூடவே அவர் கித்தானில் வரைந்த படங்களும் கேட்டார்கள். அவர் தன் அம்மாவைச் செய்தார். நங்கூரச் சங்கிலி கூந்தலானது, கப்பல் தகடு பாவாடையானது. எல்லாம் முடிந்து, கடைசியாகக் கண்.

மறுநாள் சிலையைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக லாரிக்காரன் ஃபர்ஹான் வந்தபோது, அதன் கழுத்தில் எலுமிச்சை மாலை தொங்கியது. காலடியில் மஞ்சள், வேப்பிலை. சுற்றிலும் பெண்கள்.

"இன்னா லூதர் நைனா, கண்ணைத் தொறந்துட்டு லாரில ஏத்துறியா?" என்றாள் கெங்கம்மா. "அம்மா இன்னா உனுக்குக் காயலாங்கடை சாமானா?"

"அக்கா, அது எங்கம்மா," என்றார் லூதர். குப்பத்தில் கற்ற தமிழ்.

"நேத்து வரைக்கும் உங்கம்மா. ஆடி வெள்ளில, கடலைப் பாத்து கண்ணு தொறந்துச்சா இல்லியா? இப்ப ஊருக்கே அம்மா. நகத்தக் கூடாது."

கரோலினுக்கு அப்போதுதான் விளங்கியது. கண் திறக்கும்வரைதான் சிலை, திறந்துவிட்டால் அங்கே அம்மன் இருக்கிறாள். அவள் கணவருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமு, ஏத்தவா வேணாமா?" என்று ஃபர்ஹான் கத்தினான். "எண்ணூர் ரோட்டுல கன்டெய்னருங்க வரிசை கட்டுனா அப்புறம் பேஜாரு."

கெங்கம்மா இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். "கண்ணு மூடுன மாதிரி எழுதிடு. தூங்குற அம்மாவ நாங்களே தூக்கி விடுறோம்."

நல்ல வழிதான். வாழ்நாளெல்லாம் காத்திருந்த கூடம் கைவிட்டுப் போகாது. லூதர் கறுப்புப் பெயின்ட்டைத் தொட்டுக்கொண்டு ஏறினார். தூரிகை கண்ணருகே போய் நின்றது.

அம்மாவை அவர் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். எல்லாப் படத்திலும் கண்கள் அசந்துபோய்த்தான் வரும். வேலை முடிந்ததும் முகமூடியைத் தூக்கிவிட்டு, வாசலில் நிற்கும் மகனைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கண்கள் இந்த முறைதான் அகப்பட்டிருந்தன.

இறங்கி வந்தார்.

"ஃபர்ஹான், நீ போ."

"வெறும் வண்டியாவா?"

"கித்தான் படமெல்லாம் ஏத்திக்கோ. அம்மா வரல."

அன்று அருங்காட்சியகத்துப் பெண்மணி தொலைபேசியில் கத்தியது கரோலினுக்கே கேட்டது. சிலை எங்கே என்றதற்கு லூதர் சொன்னார்: "அம்மாவுக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது."

நடுக்கூடம் வேறொருவருக்குப் போயிற்று. லூதரின் படங்களைப் பக்கத்து அறையில் மாட்டினார்கள். அவர் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். அடுத்த ஞாயிறு கூழ் ஊற்றியபோது, அம்மாவின் மகன் என்று முதல் கரண்டி அவருக்கு வந்தது. கருவாட்டுக் குழம்போடு ஒரு சொம்பு குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். அதன்பின் எந்த ஆடியும் அவர் வெளியூர் போகவில்லை. பெண்கள் சிலைக்குப் பச்சை எனாமல் அடித்த வருஷம் மட்டும் கொஞ்சம் முனகினார்.

லூதர் காலமான பிறகு வந்த முதல் ஆடியில், கரோலின் வீட்டோடு இருந்துவிடலாம் என்றிருந்தாள். கெங்கம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா கரோலினு, மாமியாருக்கு யாரு பொடவ கட்டுவாங்க? புள்ள இல்லாங்காட்டி மருமவதான்."

"நான் மாதா கோயிலுக்குப் போறவ, கெங்கம்மா. ஃபாதர் என்ன சொல்வாரு?"

"அத்த ஞாயித்துக்கெயம கேட்டுக்க. இன்னிக்கு வெள்ளி."

கரோலின் ஏணியில் ஏறினாள். இரும்பு இடுப்பில் கொசுவம் நிற்கவேயில்லை. ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் வழுக்கியது.

"மாமியாரு இடுப்புல ஏம்மா கிச்சுகிச்சு மூட்டிகினு கீற!" என்று கீழிருந்து ஒருத்தி கத்தினாள். கடற்கரையே சிரித்தது. ஏணியில் நின்றபடி கரோலினும் சிரித்தாள். எதிரே அந்தக் கண்கள். முந்தானை நுனியை வாயில் கவ்விக்கொண்டு, கொசுவத்தை முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.