செபியா நிறத்தில் ஒரு சுவர்

என் வீட்டுக்காரர் முகம்மது ஆரிப்புக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். துபாயில் பதினாறு வருடம் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டு, போன வருடம்தான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தார். கொண்டுவந்தது ரெண்டு போர்வை, ஒரு டப்பா பால்பவுடர், கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. கேமராவும் அவர் வாங்கியதல்ல. அறையைக் காலி செய்த யாரோ அலமாரியில் போட்டுவிட்டுப் போனது. இது எனக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் சொன்னது வேறு.

"2011லயே வாங்கினது. பதினாலு வருசமா நம்ம கையில ஓடுத கேமரா இது" என்பார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் தெருவுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஒரு வருடம் பெட்டிக்குள் கிடந்த கேமராவுக்குத் திடீரென்று யோகம் வந்தது. கடையநல்லூரில் என் அக்கா மகள் ஹாலிதாவுக்குக் கல்யாணம். புது பேட்டரி வரவழைத்து வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பால் வாங்கப் போகிறவன், பள்ளிவாசலுக்குப் போகிறவன் எவனையும் விடவில்லை, எல்லோருக்கும் பாடம்தான்.

"ஆட்டோவுல வச்சு எடுக்கவன் போட்டோ எடுக்கவனே இல்ல வே" என்பது முதல் பாடம். கேமராவின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. அதில் பூ, மலை, ஓடுகிற மனிதன், நிலா என்று சின்னச் சின்னப் படங்கள். பூ என்றால் கிட்டத்தில் இருப்பதை எடுக்க, மலை என்றால் தூரத்தில் இருப்பதை எடுக்க. பால்வாடிப் பிள்ளைக்குப் புரியும். இதை அவர் அரை மணி நேரம் விளக்கினார். அதிலும் நிலாவைப் பற்றிச் சொன்னது தப்பு, அது ராத்திரியில் எடுக்க.

அடுத்தது ஐ.எஸ்.ஓ. வெளிச்சம் குறைந்தால் கூட்ட வேண்டிய எண் அது. கூட்டக் கூட்டப் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி விழும். இதை எனக்குச் சொன்னது என் மகள் ஹஸ்னா பானு. பி.எஸ்சி. ரெண்டாம் வருடம் படிக்கிறாள், கேமராவின் கையேட்டை போனில் இறக்கி ஒரே மத்தியானத்தில் படித்துவிட்டாள். அவள் வாப்பா சொன்ன விளக்கம் இது: "ஐ.எஸ்.ஓ.ன்னா தரம். தண்ணி பாட்டில்ல போட்டிருக்கும்லா, அதேதான். எவ்வளவு கூட வைக்கமோ அவ்வளவு உசந்த தரம்." உச்சத்தில் கொண்டுபோய் வைத்தார். பட்டப்பகலில் எடுத்தாலும் மூஞ்சியெல்லாம் ரவை கொட்டியது போல வந்தது.

"வாப்பா, மொதல்ல தேதிய செட் பண்ணணும். பேட்டரி போட்டதும் கேக்கும், நீங்க தள்ளி விட்டுட்டிய" என்றாள் ஹஸ்னா.

"தேதி பாக்கதுக்கு காலண்டர் இருக்கு. ஏட்டி, அங்கன போ" என்றார்.

ஆனால் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுவது அவருக்குப் பிடித்திருந்தது. ஸ்டூடியோ படம் மாதிரி இருக்கிறதாம். என்ன தேதி விழுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றிப் போட்டார், தேதி கேட்டதை மறுபடியும் தள்ளி விட்டார். புதுப் பாவாடை தாவணியோடு ஹஸ்னாவை எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்து முனையில் நிறுத்தி அன்றைய முதல் படத்தை எடுத்தார். பிள்ளையின் நெற்றிக்கு மேலே பாதித் தலையைக் காணோம். அதற்கும் ஒரு காரணம் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. கடையநல்லூரில் மூன்று நாள் இருந்தோம்.

அந்தச் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நாலடி அகலம். பின்னால் இருக்கிற தறி செட்டுக்கு அதுதான் வழி. ரெண்டு விசைத்தறி, ரெண்டும் என் வளையலை விற்றுப் போட்டவை. துபாய்ப் பணம் இவருடைய தங்கச்சிமார் கல்யாணத்துக்கே போய்விட, வீட்டில் உலை கொதித்தது இந்தத் தறிகளால்தான். பாவு நூல் சுற்றிய உருளையை ரெண்டு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வீட்டுக்குள் அது திரும்பாது. சந்து போனால் தறி போச்சு. பத்திரத்தில் சந்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. பாகம் பிரித்தபோது பெரியவர்கள் வாய்ப்பேச்சாக விட்ட பாதை.

பக்கத்து வீட்டுக்காரன் சேக் மைதீன், இவருடைய சின்ன வாப்பா மகன். பைக் நிறுத்த இடமில்லை என்று ரெண்டு வருடமாக அந்தச் சந்தின் மேல் கண். நாங்கள் திரும்பி வந்த மத்தியானம் பார்த்தால் சந்தின் குறுக்கே இடுப்பளவுக்குச் சுவர். சிமெண்ட் ஈரம் காயவில்லை. கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

வேறொரு ஆம்பளையாக இருந்தால் அந்த நேரத்திலேயே நாலு கல்லைத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டிருப்பான். இவர் உள்ளே போய் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆதாரம் வேணும்ட்டி. ஆதாரம் இல்லாம பேசப்படாது."

சரி, எடுக்கட்டும் என்று நின்றேன். திருகைத் திருகினார், மெனுவுக்குள் போனார், வந்தார், மறுபடி போனார். கலர் படம் வேண்டாமாம், மதிப்பாக இருக்காதாம். செபியா என்று ஒன்று இருக்கிறது, படத்தைத் தேயிலைத் தண்ணியில் முக்கி எடுத்தது போலப் பழுப்பாக்கிக் காட்டும். அதில் வைத்தார். சாப்பிடப் போன கொத்தனார்கள் திரும்பி வந்து இவர் எடுத்து முடிக்கும்வரை ஓரமாக நின்றார்கள். முடித்ததும் வேலையைத் தொடர்ந்தார்கள். சாயங்காலம் சுவர் தலைக்கு மேல் போய்விட்டது. மறுநாள் சேக் மைதீன் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டான். தெருவில் இருபது வீடு. எல்லோரும் பார்த்தார்கள். கேட்டால், "நாங்க கவனிக்கலியே மதினி" என்றார்கள். இவர்களுக்கு நோன்புக் கஞ்சி ஊற்றிய கையை நினைத்தால் எரிகிறது.

பிரிண்ட் போட்டு வந்த எட்டுப் படத்தையும் ஹஸ்னாதான் முதலில் பார்த்தாள். "வாப்பா, தேதி 2012ன்னு இருக்கு."

"அது கேமரா மாடலுக்கு உள்ள தேதி. அதெல்லாம் எவன் பாக்கான்?"

நான் அப்போதே படத்தைப் பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். தறி நின்று மூன்று வாரமான கவலையில் விட்டுவிட்டேன். அது என் புத்திகெட்டத்தனம்.

பஞ்சாயத்துக்கு மூன்று பெரியவர்கள் வந்தார்கள். சுவருக்கு முன்னாலேயே நாற்காலி போட்டோம். நடுவில் ரிபாயி ஹாஜியார். அவர் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. சர்பத் கொடுத்துவிட்டு நான் வாசல்நிலையில் நின்றேன். வேடிக்கை பார்க்க இருபது வீடும் வந்திருந்தது. அதைக் கவனிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

இவர் படங்களை விரித்து வைத்து, எந்த மோடில் எடுத்தேன், ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்று ஆரம்பித்தார். ஹாஜியார் கொட்டாவி விட்டார். சேக் மைதீன் ஒரு படத்தைக் கையில் எடுத்து மூலையைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஹாஜியாரே, இதப் பாருங்க. தேதி மூணு, மாசம் ஒண்ணு, வருசம் 2012. அது என் நிக்காஹ் நடந்த வாரம். அண்ணன் லீவுல வந்திருந்தாரு, அப்ப எடுத்தது. இடுப்பளவு சுவரு அப்பவே நின்னுருக்கு. இவங்க பாவு உருளைய அதுக்கு மேல தூக்கித்தான் கொண்டு போவாங்க. நான் இப்ப கொஞ்சம் உசத்திப் பூசினேன், அவ்வளவுதான். நான் சொல்லல, அண்ணன் எடுத்த படம் சொல்லுது."

படமும் அவனுக்குத் தோதாகத்தான் இருந்தது. பழுப்பு நிறம், புள்ளி புள்ளியாகக் கறை. போன மாதம் கட்டிய சுவர் வெள்ளைக்காரன் காலத்துச் சுவர் போல நின்றது. தன் சந்தைத் தானே எழுதிக் கொடுக்க இதைவிட நல்ல படம் யாராலும் எடுக்க முடியாது.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பதிமூணு வருசம் நின்ன சுவர இடின்னு எப்படிச் சொல்ல? ஆரிப், உள்ளதச் சொல்லு. தேதிய நீ சரியா வச்சிருந்தியா, இல்ல தெரியாம விட்டுட்டியா?"

நல்ல மனுஷன். வழியைத் திறந்தே கொடுத்தார். 'தெரியாம விட்டுட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. இவர் என்னைப் பார்த்தார். தப்பு எங்கே என்று அவருக்கு விளங்கிவிட்டது, கண்ணில் தெரிந்தது. பிறகு கூடியிருந்த இருபது வீட்டையும் பார்த்தார்.

"பதினாலு வருசமா கேமரா பிடிக்கேன் ஹாஜியாரே. தேதி வைக்கத் தெரியாதவனா நான்? சரியாத்தான் வச்சேன்."

 எனக்கு வந்தது கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. ரெண்டு தறி, பிள்ளையின் படிப்பு, என் இருபத்திரண்டு வருடம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, தன் பெருமையை மறு தட்டில் வைத்து, எது கனம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். யோசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதுவரை சபையில் நான் அவரை மறுத்துப் பேசியதில்லை.

"அவருக்குத் தேதி வைக்கத் தெரியாது ஹாஜியாரே" என்றேன்.

 "ஏட்டி, உள்ள போ" என்றார் இவர். நான் உள்ளே போனேன். கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எந்தப் பட்டனை அமுக்கினால் எடுத்த படமெல்லாம் வரிசையாக வரும் என்று ஹஸ்னா எனக்குக் காட்டியிருந்தாள். ஹாஜியார் மடியில் கேமராவை வைத்து அமுக்கினேன்.

"இது யாருன்னு பாருங்க."

திரையில் ஹாஜியாரே உட்கார்ந்திருந்தார். ஹாலிதா கல்யாண விருந்து, கையில் நல்லி எலும்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் சொந்தம். "இது போன மாசம்லா நடந்துச்சு" என்றார்.

"மூலையில என்ன தேதி போட்டிருக்கு?"

"ஒண்ணு, ஒண்ணு, 2012." வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மறுபடி திரைக்குக் குனிந்தார். "வயிறு இவ்வளவு பெருசாவா தெரியுது?" சந்து போகிற நேரத்தில் அவருக்கு வயிற்றுக் கவலை.

ஒரு படம் பின்னால் போனேன். அதே தேதி. பாதித் தலையோடு ஹஸ்னா நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் தறி செட் கதவுவரை சந்து திறந்து கிடக்கிறது. "கல்யாணத்துக்குப் போன அன்னைக்குக் காலையில எடுத்தது. சுவர் எங்க?" கல்யாணப் படங்களைத் தாண்டி முன்னால் வந்தேன். மூன்றாம் தேதி. சுவர். "வருசம் தப்பு ஹாஜியாரே. நாள் தப்பு இல்ல. மூணு நாள்ல முளைச்ச சுவர் இது."

சேக் மைதீன் எழுந்துவிட்டான். "கேமராவுல எத வேணும்னாலும் மாத்தலாம் ஹாஜியாரே! அண்ணன் எல்லாத்தையும் மாத்தி வச்சிருப்பாரு, அவருக்குத் தெரியாததா?"

"இத மாத்தத் தெரிஞ்ச ஆளா இவரு? நீங்களே அவரப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

எல்லோரும் பார்த்தார்கள். அவர் கையில் ஒரு படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு தெருவே சிரித்தது. சேக் மைதீன்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நாலு நாளில் சுவரை இடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஹாஜியார் சொல்லிவிட்டுப் போனார். இடித்தான். ஐந்தாம் நாள் காலையில் சந்து வழியாகப் பாவு உருளை வந்து இறங்கியது, மத்தியானம் ரெண்டு தறியும் ஓடின. அந்தச் சத்தத்தைக் கேட்டு செட்டுக்குள் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

 தறி ஓடிய மூன்றாம் நாள் ஹஸ்னா வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். டீக்கடையில் வாப்பா கதை சொல்கிறாராம்: "வேணும்னேதான் வே பழைய தேதிய வச்சேன். சேக் மைதீன் அதப் பிடிச்சுத் தொங்குவான்னு எனக்குத் தெரியும். பொறி வச்சுப் பிடிச்சேன். வீட்டுல உள்ளவ அவசரப்பட்டு முந்திக்கிட்டா." கேட்டவர்கள் தலையாட்டினார்களாம். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்.

முன்பென்றால் நானும் சிரித்திருப்பேன். இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷனுடைய அளப்பை வீட்டுக்குள் விளையாட்டாகத்தான் எடுத்திருந்தேன். ஊருக்கு முன்னால் ஒரு நிமிடம் சின்னவனாகத் தெரிவதைவிட எங்களைத் தெருவில் நிறுத்துவது மேல் என்று நினைக்கிறவர் என்பது இப்போதுதான் தெரிந்தது. இனி எனக்கு அவர்மேல் கோபம்கூட வராது. கோபப்படுகிற அளவுக்கு அவரிடம் எனக்கு எதுவும் மிச்சமில்லை.

அன்று மாலை அவருடைய அலமாரியைத் திறந்தேன். வீட்டுப் பத்திரம், தறிக்கான கரண்ட் கார்டு, வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து என் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.